தாராவி எங்கே படமாக்கப்பட்டது?

1966இல் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' அத்தியாயம் ஒன்றில், கேப்டன் கர்க்கின் கல்லறையில் பொறிக்கப்பட்ட நடு எழுத்து 'ஆர்'. பின்னாளில் அது 'டி' ஆயிற்று. இத்தகைய தொடர்ச்சிப் பிழைகள் இரசிகர்களுக்கு விளையாட்டு. வரலாற்று மாணவர்க்கோ எச்சரிக்கை.

1987இல் வெளிவந்த 'நாயகன்' காட்டும் தாராவியின் பெரும்பகுதி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கம். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2018இல் வந்த 'காலா'வுக்கும் சென்னையில் தாராவி கட்டப்பட்டது. ஆக, தமிழகத்தார் மனத்தில் பதிந்த தாராவியில் பாதி சென்னையுடையது.

மறுசீரமைப்பால் அசல் தெருக்கள் மறையவிருக்கும் இந்நாளில் இவ்வேறுபாடு சிறிதன்று. திரைக்காட்சியைத் தெருவின் சான்றாகக் கொள்ளுமுன், அது எங்கே எடுக்கப்பட்டது என வினவுதல் வேண்டும். அரங்கைப் பிரித்துவிட்டால் மீண்டும் கட்டலாம். இடித்த தெருவுக்கு அவ்வாய்ப்பில்லை.