ஜெர்சியில் யாருடைய பெயர்?

இந்த எபிசோடை எங்க ஊர் பெரிய முதலியார்சாவடியிலிருந்து பேசுறேன். தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினா புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையம் தாண்டினா காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரிதான். நடுவுல நாங்க மட்டும் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு.

எங்க மாமா எண்பதுகளின் தொடக்கத்துல கல்லூரி வாலிபால் ஆடினவர். அவரோட அணியில் பாதிப் பேர் புதுச்சேரிப் பசங்க. எப்படின்னு கேட்டா, அப்போ ரெண்டு பக்கக் கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைந்தவை. எல்லாருக்கும் ஒரே ஜெர்சி. 1985-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வந்தது, நண்பர்கள் எதிரணி ஆனாங்க. 2002-இல் எங்க மாவட்டம் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. 2021-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேர்த்தாங்க. அதே கடற்கரை, அதே மணல். ஆனா ஜெர்சியில் உள்ள பெயர் மட்டும் மூணு தடவை மாறிடுச்சு.

இந்தப் பெயர் ஏன் முக்கியம்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 1925-இல் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு வாரியம் அமைச்சாங்க. அதுதான் 1973-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்னு பெயர் மாறினது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான ரோஹிண்டன் பாரியா கிரிக்கெட் கோப்பை 1935-இல் தொடங்குச்சு. இன்னிக்கும் மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி எல்லாம் இந்தச் சங்கத்தோட கையிலதான்.

இதே காலத்துல அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரிய வியாபாரமா வளர்ந்தது. 1984-இல் அங்கே உச்ச நீதிமன்றம் கால்பந்து ஒளிபரப்பு உரிமையில் தேசியச் சங்கத்தோட ஏகபோகத்தை உடைச்சது. ஆனாலும் ஆடுற பசங்களுக்குச் சம்பளம் கிடையாது. 2021-இல்தான் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு வித்துக்க அனுமதி கிடைச்சது. 2025-இல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிஞ்சு, ஒரு கல்லூரி வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரைக்கும் வீரர்களோட பங்கு போட்டுக்கலாம்னு ஆச்சு.

நம்ம ஊர்ல டிவி பணம் இல்ல, டிக்கெட்டும் இல்ல. 2020-இல் புவனேஸ்வர்ல முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி நடந்தப்போ கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். அப்போ இங்கே புழங்குற நாணயம் எது? சர்டிபிகேட். 1980-இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குத் தகுதி உண்டு. அதுக்கான சான்று 'படிவம் 3', அதுல பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். மாமாவுக்கு மத்திய அரசு வேலை கிடைச்சது அந்த ஒரு தாளாலதான். இன்னமும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வச்சிருக்கார்.

மாமாகிட்ட ஆட்டம் கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் எங்க தெருவுல இருக்கான். மாமாவை விட நல்லா ஸ்மாஷ் அடிப்பான்னு மாமாவே சொல்வார். பல்கலைக்கழக அணித் தேர்வு பத்தின தகவல் அவனோட கல்லூரி நோட்டீஸ் போர்டுக்கு வர்றதுக்குள்ள தேர்வே முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் அவன் இறுதியாண்டு, முழங்காலில் அடி. அணியில் இடம் இல்லைன்னா படிவம் இல்ல. இப்போ அப்பாவோட படகுல போறான். கடலுக்குப் போறது கேவலம்னு நான் சொல்ல வரல. ஆனா அவன் தோத்தது ஆட்டத்துல இல்ல, ஒரு நோட்டீஸ்ல.

நிர்வாகம்னாலே போரான விஷயம்னு நாம நினைக்கிறோம். சங்கம், இணைவு, படிவ எண் இதெல்லாம் யாருக்கு வேணும்னு தோணும். கோர்ட்டுக்கு வெளியில நடக்கிற அந்த ஆட்டம்தான் சில பேரோட வாழ்க்கையை முடிவு பண்ணுது.

நீங்க கல்லூரியில ஆடுறீங்களா? நாளைக்கே உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து, தேர்வு எப்போ, எங்கேன்னு கேளுங்க. நோட்டீஸ் போர்டை நம்பி இருக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.