மணி அடித்த பிறகு உள்ளே போன பிள்ளை



தறிச் சத்தம் ஓயாத இந்தப் பொதட்டூர்பேட்டையில், தாத்தா ரெட்டமலை சீனிவாசன் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். வட்டமேசை மாநாட்டுக்குப் போன தலைவரைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் அவர் மாணவராக இருந்த நாட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில், கோயம்புத்தூரில் தான் படித்த காலத்தைச் சில வரிகளில் சொல்லிச் செல்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதியும் ஊரும் குடும்பமும் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து அவர் யாரோடும் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பிள்ளைகளோடு விளையாடவும் முடியவில்லை.

கவனியுங்கள், அந்த வரிகளில் அடி இல்லை, வசை இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அவமதிப்பு அது. அதனால்தான் அதற்கு வரலாறு எழுதுவது கடினம்.

அண்ணல் அம்பேத்கர் சாதாராவில் படித்தபோது உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டு போனார். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம். பாமாவின் 'கருக்கு' (1992) நூலில், விளையாட்டில் விழுந்த ஒரு தேங்காய்க்காகச் சிறுமிக்குத் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) நூலில், வகுப்பில் உட்கார வேண்டிய சிறுவனைத் தலைமையாசிரியர் பள்ளி முழுக்கப் பெருக்க வைக்கிறார்.

இவை எல்லாமே பெரியவர்கள், பல ஆண்டுகள் கழித்து, பெரியவர்களுக்காக எழுதியவை. அவமானம் நேர்ந்த அன்று அந்தப் பிள்ளையின் கையில் என்ன புத்தகம் இருந்தது? அதுதான் இன்றைய என் கேள்வி.

நான் படித்த பாடங்களில் 'நம் ஊர்' என்றால் கோயில், குளம், கடைத்தெரு. எங்கள் காலனி அந்தப் படத்தில் இல்லை. ஆசிரியர் 'வந்தார்', மருத்துவர் 'வந்தார்'. துணி வெளுப்பவர் மட்டும் 'வந்தான்'. அந்த விகுதியைப் பாடத்தில் படித்த பிள்ளைகள், மாலையில் எங்கள் தாத்தாவையும் 'வாடா' என்றார்கள். ஏகலைவன் கதையைக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டை விரலைக் கேட்டது நியாயமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. உதவித்தொகைப் படிவம் வந்த நாளில், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார் ஒரு வாத்தியார். எழுந்து நின்றோம். அவருக்கு அது அலுவலக வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அன்றுதான் நான் யார் என்று தெரிந்தது. மறுநாள் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். புத்தகத்தில் நாங்கள் இல்லாமல் போனதும், வகுப்பில் எங்களை எழுப்பி நிறுத்தியதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்று பிறகு சமூகவியல் படித்தபோது புரிந்தது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே அனுபவம். 1965இல் நான்சி லாரிக் என்பவர், 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. அவர் எண்ணிச் சொன்னதால் அதை யாரும் மறுக்க முடியவில்லை. நம் சிறுவர் நூல்களை நாம் இன்னும் அப்படி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுதும் வழியை நமக்கு ஒருவர் முன்பே காட்டியிருக்கிறார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களுக்காக வாதாடிய எம்.சி. ராஜா, 1930இல் ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற குழந்தைப் பாடல் நூலை வெளியிட்டார். சட்டமன்றத் தீர்மானம் எவ்வளவு முக்கியமோ, மழலையின் வாயில் விழும் பாட்டும் அவ்வளவு முக்கியம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவருடைய தீர்மானங்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சிறு நூலை மறந்துவிட்டோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது, பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அரிவாள் வரை போன அந்த வெறுப்பு பெஞ்சு மாறி உட்காருவதில் தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாணவர்களே, உங்களிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறேன். ஒன்று, பள்ளியில் நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். முப்பது வருடம் காத்திருக்க வேண்டாம். இரண்டு, நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கதை எழுதுங்கள். தறி ஓட்டும் அம்மாவும், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டு முடித்து வரும் அப்பாவும் அதில் 'வந்தார்' என்றே வரட்டும். மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே போய் விளையாடுகிற பிள்ளை அதில் இருக்கட்டும்.

தாத்தாவுக்கு நாம் செய்யக்கூடிய நினைவு அஞ்சலி அதுதான். ஜெய்பீம்.