வலம்புரி வாங்குவோர் பார்க்க மறந்த மடிப்பு

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் ஆடி முடித்தவர்கள் அடுத்து நிற்கும் இடம் சங்குக் கடை. ஊதும் சங்கு, பூஜையில் வைக்கும் சங்கு, பெயர் பொறித்துத் தரும் சங்கு என்று கடை முழுக்க வெள்ளை வெளேரென்று அடுக்கியிருக்கும். அவை எல்லாம் இடம்புரி. விலையும் கைக்கு அடக்கமானது. வலம்புரி கேட்பவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாடு முழுவதும் வலம்புரி என்ற பெயரில் கைமாறும் சங்குகளில் பல, மன்னார் வளைகுடாவைக் கண்டதே இல்லை. அவை அமெரிக்கக் கரையில் பிறந்த வேறொரு இனம்.

நம் பூஜைச் சங்கு டர்பினெல்லா பைரம் என்ற நத்தை இனத்தின் ஓடு. மூக்கு மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். அதே இனத்தில் மிக அரிதாக ஒரு குஞ்சு, பிறக்கும்போதே எதிர்த்திசையில் சுருளத் தொடங்குகிறது. அதன் வாய் வலப்பக்கம் அமையும். அதுதான் வலம்புரி. தனி இனம் அல்ல; இடம்புரியின் கண்ணாடிப் பிம்பம். போலியைப் பிடிப்பதற்கான திறவுகோலும் இதில்தான் இருக்கிறது: திசையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வலம்புரி இடம்புரியாகவே இருந்தாக வேண்டும்.

மன்னார் வளைகுடாக் கரையின் சங்கு வணிகம் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகர் கோஸ்மாஸ், இலங்கைக்கு எதிரே இருந்த ஒரு துறையிலிருந்து சங்கு ஏற்றுமதியானதைக் குறித்திருக்கிறார். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. கொற்கையில் வாளால் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தவர் மெட்ராஸ் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல். இந்தியச் சங்கைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1914இல் வெளியானது. பிற்காலத்தில் வளையல் அறுக்கும் தொழில் வங்காளத்தில் வேரூன்றியது. ராமநாதபுரம் கடலில் எடுத்த சங்குகள் மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்குப் போயின. டாக்காவின் சாங்காரி பஜாரில் வளையல்களாக மாறின.

கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் சங்கு குளித்தவர்கள் மூச்சை அடக்கி அடிமணல்வரை இறங்கினார்கள். சங்குக்கு இரை மணலில் வாழும் புழுக்கள். அப்படிப் புழு நிறைந்த தரையைப் ‘பூச்சி மணல்’ என்பார்கள். அங்கேதான் சங்கு படுத்திருக்கும். கரைக்கு வந்த சங்குகளை அதிகாரிகள் ஓட்டையிட்ட அளவுப் பலகையில் போட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைக்குள் நழுவிவிடும் சிறிய சங்கு கடலுக்கே திரும்பிப் போகும். ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கான இடம்புரிகள் இப்படிக் கைமாறின. பல லட்சத்தில் ஒன்றாக வலம்புரி அகப்பட்டால், அது மூட்டைக்குள் போகாது.

அதன் மதிப்பு எடைக்குக் கட்டுப்படாதது. சிவன் கோயில்களில் கார்த்திகைச் சோமவாரத்தில் 108 அல்லது 1008 சங்குகளால் அபிஷேகம் நடக்கும்போது நடுநாயகமாக வலம்புரியை வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. திபெத்திய பௌத்தத்திலும் அதற்குப் பெரிய இடம். சீனாவின் சியன்லோங் பேரரசர் அப்படியொரு சங்கை, 1787இல் தைவானுக்குக் கப்பலேறிய தன் தளபதியிடம் கொடுத்து அனுப்பினார். கடலைச் சாந்தமாக்கும் என்பது நம்பிக்கை.

இவ்வளவு தேவை, இவ்வளவு அருமை. போலி நுழைய வேறென்ன வேண்டும்?

மெக்ஸிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் ‘லைட்னிங் வெல்க்’ என்ற நத்தை வாழ்கிறது. அந்த இனத்தில் எதிர்த்திசைச் சுருள்தான் இயல்பு. அங்கே அது சாதாரணப் பொருள். டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சங்காகவே அறிவித்தது. அதன் தோளில் புடைப்புகள் இருக்கும், ஓட்டில் மின்னல்போல் பழுப்புக் கோடுகள் ஓடும். இரண்டையும் சாணை பிடித்துத் தேய்த்து மெருகேற்றினால், பார்ப்பதற்கு வெள்ளை வலம்புரி தயார்.

தேய்த்து அழிக்க முடியாதவையும் உண்டு. சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். மன்னார்க் கடல் சங்கில் அந்தத் தண்டின் மேல் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் வரப்புபோல எழுந்து உள்ளே சுற்றிச் செல்லும். அமெரிக்கச் சங்கின் தண்டு வழவழப்பானது. உருவமும் காட்டிக்கொடுக்கும்: நம் சங்கு வயிறு பருத்து, உருண்டு, கனமாக இருக்கும், அதுவோ தோள் அகன்று மூக்கு நீண்டு ஒல்லியாக இறங்கும். புடைப்பைச் சீவினாலும் தோளின் கோணம் போகாது. ஓடும் மெல்லியது, ஒரே அளவுள்ள இடம்புரியை மற்ற கையில் வைத்துப் பார்த்தால் எடை வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாயருகே மடிப்பைச் செதுக்கியிருந்தால்? அதற்கு எக்ஸ்ரே இருக்கிறது. இயற்கையான மடிப்பு சங்கு வளர வளரக் கூடவே வளர்ந்தது. சுற்றுக்குச் சுற்று தண்டைத் தழுவி உச்சிவரை தொடரும். செதுக்கிய பள்ளம் கருவி எட்டிய தூரத்தோடு நின்றுவிடும். அச்சில் வார்த்த பிசின் சங்கையும், துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததையும் அதே படம் காட்டிவிடும்.

சந்தையில் சொல்லப்படும் சோதனைகள் வேறு. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்பார்கள். சுற்றுப்புறச் சத்தம் குழிவான எந்தப் பொருளுக்குள்ளும் எதிரொலிக்கும். வெறும் செம்பைக் காதில் வைத்தாலும் கேட்கும். அரிசியில் வைத்தால் தானே திரும்பும் என்பதும் எதையும் நிரூபிப்பதில்லை. அத்தகைய சோதனைகளில் அமெரிக்கச் சங்கும் தேறிவிடும். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் குடும்பங்களை ஏமாற்ற விற்பவருக்குக் கைகொடுப்பவை இவைதான்.

கீழக்கரைக் குளியாளரிடம் இந்த வித்தை பலித்திருக்காது. பருவம் முழுக்க இடம்புரியைத் தொட்டுப் புழங்கிய கைகளுக்கு அதன் எடையும் மடிப்பும் மனப்பாடம். சங்கு எடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இன்று பல ஊர்களும் தரகர்களும் வந்துவிட்டார்கள். வாங்குபவர் கையில் ஒரு புகைப்படமும் ஒரு சான்றிதழ்த் தாளும்தான் மிஞ்சுகின்றன. அந்தக் கை அறிவைத் திரும்பக் கொடுப்பது கடினமல்ல. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது; அதன் துணையோடு இதைச் செய்யலாம். நெடுக்காக அறுத்த ஓர் இடம்புரியையும் ஓர் அமெரிக்கச் சங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுப் பார்க்கும்படி ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் ஒரு திறந்த மேசை அமைத்தால் போதும். யாத்ரீகர் பணப்பையைத் திறப்பதற்கு முன்பே உண்மை தெரிந்துவிடும். நேர்மையாக இடம்புரி விற்கும் உள்ளூர்க் கடைக்காரரின் பெயரும் கெடாமல் இருக்கும்.