பைலட் ஆக எவ்வளவு செலவாகும்? நிலத்தை அடமானம் வைக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விருதுநகர் பக்கம் அதிகம் காதில் விழுவது இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். மல்லாங்கிணற்றில் ஒரு பிள்ளை 'நான் பைலட் ஆகணும்' என்று சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி: "அதுக்கு எவ்வளவு ஆகும்?"

இந்தியாவிலேயே படித்தால் தோராயமாக 40 முதல் 60 லட்சம் ரூபாய். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும்.

ஏன் இவ்வளவு?

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமென்றால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. சின்னப் பயிற்சி விமானத்தில் மணிக்கு 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 30 லட்சம் போய்விடும். தேர்வுக் கட்டணம், கோச்சிங், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி.

எரிபொருளும் ஒரு காரணம். பயிற்சி விமானங்கள் பலவும் குடிப்பது பெரிய விமானங்களுக்குப் போடும் எரிபொருளை அல்ல, 'ஆவ்காஸ்' என்ற தனி ரகப் பெட்ரோலை. பல ஆண்டுகள் அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். 2022-ல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது.

அரசுப் பயிற்சி மையம் என்றால் மலிவாக இருக்குமா? உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியிலேயே கட்டணம் 45 லட்சத்தை ஒட்டி இருக்கிறது.

லைசென்ஸ் வாங்கியாச்சு, வேலை உறுதியா?

இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் திணறுகின்றன. ஏர்பஸ் 320 போன்ற விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி தேவை. அதற்கு மேலும் 10 லட்சத்துக்கு மேல் ஆகும். லைசென்ஸ் கையில் இருந்தும் வேலைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. விளம்பரங்களில் இந்தப் பகுதி மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

பைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் போதுமே என்று சிலர் கேட்பார்கள். அதை வைத்து ஆசைக்குப் பறக்கலாம், சம்பாதிக்க முடியாது.

பேங்க் லோன் கிடைக்குமா?

கிடைக்கும். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பைலட் பயிற்சிக்குக் கல்விக்கடன் உண்டு. ஆனால் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வீடு, நிலம் என்று அடமானம் கேட்பார்கள். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு தவணை என்றால் மாதம் கிட்டத்தட்ட 53 ஆயிரம் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. கரிசல் காட்டையும் பட்டாசு ஆலைக் கூலியையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இது விளையாட்டல்ல.

பட்டியலினத்தவர் என்றால், மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' கல்வி உதவித்தொகையில் பைலட் பயிற்சிக்கு இடமுண்டா என்று விசாரிக்கலாம். அந்தத் திட்டப் பட்டியலில் உள்ள பயிற்சி நிறுவனங்களுக்கு மட்டும்தான். கடன் திட்டங்கள் பற்றித் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பணம் கட்டும் முன் என்ன செய்யணும்?

முதலில் மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது தடையில்லை. நிறக்குறைபாடு போன்றவை பெரிய சிக்கல். சில ஆயிரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதை, பல லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது கொடுமை.

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இல்லையென்றால் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதலாம்.

மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் யோசியுங்கள். மழை, பழுதான விமானம், ஆசிரியர் பற்றாக்குறை என்று ஒன்றரை ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டு இழுப்பது சகஜம். எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிகளுக்கு டிஜிசிஏ 2025 முதல் தரவரிசை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். இன்னொன்று: அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. பில்லில் 18 சதவீதம் சேர்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பக்கத்திலேயே படிக்க முடியுமா? சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கியது. விருதுநகருக்குத் தெற்கே, கோவில்பட்டி அருகே சும்மா கிடந்த பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவரும் திட்டத்தை டிட்கோ கையில் எடுத்துள்ளது. அது பறக்கத் தொடங்கினால் தங்கும் செலவாவது மிச்சமாகும். 200 மணி நேரக் கட்டணம் அப்படியேதான் இருக்கும்.