வீடுகள் சொன்ன சாட்சியம்

பூமியதிர்ச்சியால் வீடிழப்போர் பெரும்பாலும் ஏழைகள். அதை அளக்கும் கருவிகளோ நெடுங்காலம் நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தன. 2008இல் எலிசபெத் கொக்ரன், ஜெசி லோரன்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் தொடங்கிய ‘குவேக் கச்சர்’ வலையமைப்பு இந்நிலையை மாற்ற முனைந்தது. தொண்டர்கள் தம் வீட்டுக் கணனிகளுடன் மலிவான அதிர்வுணரிகளை இணைத்தனர். ஒரு வீட்டின் அதிர்வு கதவை அறைந்து சாத்தியதாலும் நேரலாம். அயலிலுள்ள பல வீடுகள் ஏறக்குறைய ஒரே வேளையில் அதிர்ந்தாலே அது பூமியதிர்ச்சியெனக் கொள்ளப்பட்டது. 2010 பெப்ரவரி 27இல் 8.8 அளவான பூமியதிர்ச்சி சிலியைக் குலுக்கியபின், தொண்டர்களின் துணையுடன் அங்கு சுமார் 100 உணரிகள் பொருத்தப்பட்டுப் பின்னதிர்வுகள் பதிவாயின.

ஆயினும், கணனியில்லா வீட்டுக்கு இவ்வலையில் இடமிருக்கவில்லை. சிலியில் பெருமளவில் இடிந்தவை பழைய மண்கல் வீடுகள். அவ்வீடுகளுக்கும் சாட்சி சொல்லும் உரிமை கிடைக்கும்போதே இது முழுமையான மக்கள் விஞ்ஞானமாகும்.