நீர்வாசல் மாளிகை

போன வாரம் வெனிஸின் ரியால்தோ பாலத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து பெருங்கால்வாயில் படகில் சற்றுத் தூரம் போனால், சான் போலோ கரையில் வெள்ளைக்கல் முகப்போடு நிற்கிறது பாபடோபோலி மாளிகை. 2013 முதல் இது அமான் ஹோட்டல். மொத்தமே 24 அறைகள்தான். 2014இல் ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனியின் திருமணம் நடந்ததும் இங்கேதான்.

படகு நேராக வாசற்படியில் வந்து அணைகிறது. இறங்குகிறவர் கால் வைக்கும் தரைத்தளம் அந்த நாளில் சரக்குக் கிடங்கு. வெனிஸ் வணிகர் வீடுகள் எல்லாமே இப்படித்தான். கடல்நீர் ஏறினால் முதலில் நனைவது கீழ்த்தளம் என்பதால் சரக்கு கீழே, குடும்பம் மேலே. விதானச் சித்திரங்களும் விருந்துக் கூடங்களும் மாடிக்குப் போனது அதனால்தான்.

கட்டியவர்கள் பெர்காமோவிலிருந்து வந்து வியாபாரத்தில் செழித்த கோச்சினா குடும்பத்தார். காலம், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பிரபுக்கள் வரிசையில் அவர்களுக்கு இடம் கிடையாது; பணம் இருந்தது. ஓவியர் வெரோனேஸேயை அழைத்து, தேவமாதா முன் தங்கள் குடும்பமே மண்டியிடுவதாக வரையச் சொன்னார்கள். அந்தப் படத்தின் பின்னணியில் தெரிவது இதே மாளிகை! புதுவீடு கட்டியவரின் பூரிப்பை இதைவிட எப்படிக் காட்டுவது? ஓவியம் பிற்பாடு விலைபோய், இன்று ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது.

கோச்சினாவுக்குப் பின் தியெப்போலோ என்ற பிரபுக் குடும்பம். 1864இல் கிரேக்க வம்சாவளியினரான பாபடோபோலி சகோதரர்கள் வாங்கினார்கள். பக்கத்துக் கட்டடங்களை இடித்து, கால்வாயைப் பார்த்தபடி தோட்டம் போட்டவர்கள் இவர்களே. வெனிஸில் அது அபூர்வம்.

இன்றைக்கு அறையில் கட்டில், நாற்காலி எல்லாம் இக்காலத்தவை. பழையதைப் போலச் செய்து ஏமாற்றவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. எது பழசு, எது புதுசு என்று தங்குகிறவர் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. மாளிகையின் உரிமையாளர் குடும்பமும் மேல்மாடியிலேயே குடியிருக்கிறது. பூட்டிய வீட்டைவிடப் புழங்கும் வீடுதான் நிலைக்கும்.

பாபடோபோலி சகோதரர்களில் நிக்கோலோவை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர் நாணயவியல் அறிஞர். வெனிஸ் காசுகளைப் பற்றிய அவரது பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது 1893இல். 1284 முதல் அச்சான வெனிஸ் தங்கக் காசும் அந்த ஆய்வுக்குள் அடக்கம். எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். ஒரு பக்கத்தில் புனித மாற்கு நிற்க, நகரத் தலைவர் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பற்றியிருப்பார்.

கடல் வாணிபத்தில் இந்தக் காசு தென்னிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. நடுவே நிற்கும் கொடிக்கம்பு நம்மவர் கண்ணுக்குப் பனைமரமாகப் பட்டது; கம்பைப் பிடித்தவர் பனையேறியாகப் பட்டார். பனையேறுவோரை அழைத்த பெயரால் 'சாணார் காசு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நம் பெண்கள் அதைக் கோர்த்துக் கழுத்தில் அணிந்தார்கள்.