சீமைத்தக்காளியும் முண்டு வத்தலும்

தாத்தாவுக்கு ரசம், பேரனுக்கு இத்தாலிய சாஸில் கோழி என்று உங்கள் வீட்டிலும் இரண்டு சமையலா? கொஞ்சம் பழைய பேரேட்டைப் புரட்டுவோம்.

தக்காளியும் மிளகாயும் இத்தாலிக்கும் சொந்தமில்லை, அருப்புக்கோட்டைக்கும் சொந்தமில்லை. 1492க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அதுவரை இங்கே காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. நம் பாட்டிமார் 'சீமைத்தக்காளி' என்றே சொல்வார்கள். இன்று தாத்தாவின் ரசத்திலும் அதுதானே!

1690களில் நேப்பிள்ஸில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளி சாஸுக்கு 'ஸ்பானிய முறை' என்று பெயர். அவர்களுக்கும் அது சீமைச் சரக்குதான். அதில் மிளகாயும் உண்டு.

பாட்டில் சாஸை விடுங்கள். வெங்காயம், பூண்டு, நாட்டுத்தக்காளி வதக்கி, திருச்சுழிப் பக்கத்து முண்டு வத்தல் நாலைக் கிள்ளிப் போட்டு, கோழியை மூடி வேகவிடுங்கள். தாத்தாவுக்கும் ஒரு தட்டு.